ஏட்டுச் சுரைக்காயும் பாலிஹவுஸ் குடைமிளகாயும்

ஏக்கருக்கு 40 டன். கிலோ 60 ரூபாய். ஆக 24 லட்சம். செலவு 8 லட்சம் போக மிச்சம் 16 லட்சம். பாலிஹவுஸ் எனும் பாலித்தீன் குடிலைக் கட்ட ஆகும் 34 லட்சத்தில் பாதியை அரசு மானியமாகத் தந்துவிடும். மீதி 17 லட்சத்தைப் பதின்மூன்றே மாதத்தில் எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு காய்ப்பதெல்லாம் லாபம். கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் தமிழ்நாட்டு விவசாயி வெட்டவெளியில் தக்காளியை நட்டுவிட்டு அழுதுகொண்டிருக்கிறான் என்றால், அதற்குக் காரணம் அவனுடைய பயமும் பழமைப் புத்தியும்தான். சென்ற இதழில் தோட்டக்கலை ஆலோசகர் ஒருவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது.

பெருக்கல், கழித்தல் எல்லாம் சரி. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் திருத்தினாலும் நூற்றுக்கு நூறு போடுவார். பெருக்குவதற்கு அவர் எடுத்துக்கொண்ட எண்கள்தான் எந்தத் தோட்டத்திலும் ஒரே ஆண்டில் ஒன்றாக விளையாதவை. இந்த நான்கு வரிக் கணக்கைக் கம்பெனி ஏஜென்டுகள் வழவழப்பான தாளில் அச்சடித்துக் கிராமம் கிராமமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது விவசாயப் பத்திரிகையில், ஆலோசகர் என்ற பட்டத்தோடு, அறிவுரையாக வந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 60 ரூபாய். எந்த மண்டி, எந்த மாதம், எந்தத் தரம் என்று கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. கலர் குடைமிளகாய் விற்றவர்களுக்குத் தெரியும், அதற்கு நிலையான விலை என்று ஒன்று கிடையாது. ஒரே ஆண்டுக்குள் 20 ரூபாய்க்கும் போகும், 100 ரூபாயைத் தாண்டியும் போகும். பெட்டி மண்டியில் இறங்கியதும் தரம் பார்ப்பவர் காயை எடுத்து அடியைத் திருப்பிப் பார்ப்பார். நான்கு மடிப்பும் சமமாக, 150 கிராமுக்குக் குறையாமல், தோளில் பச்சை நிற்காமல், காம்பு வாடாமல் இருந்தால் முதல் தரம். மூன்று மடிப்பு, கோணல், வெயில் பட்டு வெளுத்த திட்டு, இலைப்பேன் சுரண்டிவிட்ட பழுப்புக் கோடு, இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் அந்தக் காய் பக்கத்துக் குவியலுக்குப் போய்விடும். அங்கே விலை பாதி. சில நாள் பாதிகூட இல்லை. ஆலோசகரின் தோட்டத்தில் மட்டும் 40 டன்னும் முதல் தரமாகவே காய்க்கிறது. கமிஷன் இல்லை, வண்டி வாடகை இல்லை, அட்டைப்பெட்டிச் செலவு இல்லை. காய்கள் தாமாகவே எழுந்து கோயம்பேட்டுக்கு நடந்து போகின்றன போலும்.

சிவப்பு, மஞ்சள் குடைமிளகாயை வாங்குவது யார் என்பதையும் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நம் வீட்டுச் சமையலில் அதற்குப் பெரிய இடமில்லை. குருமாவுக்கும் பொரியலுக்கும் வாங்குகிறவர்கள் பச்சையைத்தான் வாங்குகிறார்கள். கலர் காய் போவது நட்சத்திர ஓட்டலுக்கும், பீட்சாக் கடைக்கும், கல்யாண கேட்டரிங்குக்கும், பெருநகர சூப்பர் மார்க்கெட்டுக்கும். சந்தை அகலமில்லாதது, கொஞ்சம் சரக்கு கூடினாலும் விலை பொத்தென்று விழும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஓட்டல்கள் மூடின, கல்யாணங்கள் தள்ளிப்போயின. ஓசூர் வட்டாரத்தில் பழுத்து நின்ற குடைமிளகாயைப் பறிக்கும் கூலிக்குக்கூட விலை கிடைக்கவில்லை. பக்கத்துக் குடில்களில் ரோஜாவை வெட்டிக் குப்பையில் கொட்டினார்கள். பெருந்தொற்று நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்று அவர் சொல்லக்கூடும். சரி, விட்டுவிடுவோம். ஆனால் அவர் சொல்வதைக் கேட்டு அடுத்த ஆண்டே இன்னும் ஆயிரம் பேர் கலர் குடைமிளகாய் போட்டால் என்ன ஆகும்? அதற்குப் பெருந்தொற்று தேவையில்லை, கட்டுரையாளர் ஒருவரே போதும்.

அடுத்தது அந்த 8 லட்சம் செலவு. அதில் கூலி 1.5 லட்சம் என்று போட்டிருக்கிறார். இன்றைக்கு ஒரு நாள் கூலியை 500 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும், ஆண்டுக்கு 300 நாள் வேலைக்கு 1.5 லட்சம் என்பது ஒரே ஒரு ஆளின் கூலி. ஏக்கருக்கு 10,000 செடி நடுகிறோம். ஒவ்வொரு செடியிலும் இரண்டு கிளையை மட்டும் விட்டு மீதியைக் கிள்ள வேண்டும், கிளையை நூலில் சுற்றி மேலே ஏற்ற வேண்டும், வாரம் ஒருமுறையாவது ஒவ்வொரு செடியிடமும் போய் நிற்க வேண்டும். வாரம் ஆறு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் ஒரு செடிக்கு அந்த ஒற்றை ஆள் ஒதுக்க முடிவது 17 விநாடி. அந்த 17 விநாடிக்குள் கவாத்து, கட்டு, காய் பறிப்பு, மருந்தடிப்பு, உரத்தொட்டி கரைப்பு, இரவில் காவல் எல்லாம் அடக்கம். இப்படி ஒரு வேலையாள் எங்கேயாவது இருந்தால் ஆலோசகர் முகவரி கொடுக்கட்டும். கெலமங்கலத்தில் இருந்து தளி வரைக்கும் அவருக்காகப் போட்டி நடக்கும். நடைமுறையில் ஏக்கருக்கு நான்கு பேராவது நிரந்தரமாக வேண்டும். கூலி மட்டும் 6 லட்சம்.

இனி மானியம். ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014 வழிகாட்டு நெறிகள், இயற்கைக் காற்றோட்ட பாலிஹவுஸுக்கு, 2,080 முதல் 4,000 சதுர மீட்டர் வரையிலான அளவில், சதுர மீட்டருக்கு 844 ரூபாய் என்று விலை வைத்தன. 4,000 சதுர மீட்டருக்கு 33.76 லட்சம், அதில் பாதி 16.88 லட்சம் மானியம். ஆலோசகரின் 34 லட்சமும் 17 லட்சமும் இங்கிருந்து வந்தவைதான். மானியம் அரசு வகுத்த விலைக்குத்தான், கம்பெனி கொடுக்கும் கொட்டேஷனுக்கு அல்ல என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார். இரும்பு விலை ஏறினால் கொட்டேஷனும் ஏறும். ஏறிய தொகை முழுவதும் விவசாயி தலையில்தான் விழும். அதற்கு மேல் பாத்திக்குச் செம்மண், தொழுவுரம், தண்ணீர்த் தொட்டி, மோட்டார், உரப்பாசனக் கருவி. மானியமும் முதல் நாளே கைக்கு வருவதில்லை. கட்டி முடித்து, அதிகாரிகள் வந்து அளந்து, கோப்பு நகர்ந்த பிறகுதான் வரும். அதுவரை முழுத் தொகைக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடைக்கால வட்டியையும் ஏறிய இரும்பு விலையையும் கணக்கில் சேர்க்காமல், விவசாயியின் பங்கு 20 லட்சம் என்று தாராளமாகவே குறைத்து வைக்கிறேன். 10 சதவீத வட்டிக்கு ஏழாண்டுக் கடன் என்றால் ஆண்டுத் தவணை 4.1 லட்சம். சொந்தப் பணம் போட்டவருக்கு வட்டி இல்லை என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தை நகையை அடகு வைத்து எடுத்தாரா, நிலத்தை விற்று எடுத்தாரா என்று அவர் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

ஷீட்டும் ஒரு செலவு. 200 மைக்ரான் பாலித்தீன் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 184 கிராம் எடை. கூரை வளைவையும் சேர்த்தால் ஏக்கருக்கு ஒரு டன் ஷீட் போகும். கிலோ 200 ரூபாய் என்று வைத்தாலும் 2 லட்சம். பழையதைப் பிரித்துப் புதியதை இழுத்துக் கட்ட, மேலே ஏறத் தெரிந்த ஆட்களுக்கு 40,000. கம்பெனிக்காரர்களே மூன்று, நான்கு ஆண்டுதான் உத்தரவாதம் தருகிறார்கள். ஆண்டுக்கு 80,000 ஒதுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் ஆலங்கட்டியோடு அடிக்கும் காற்றில் நடுவில் கிழிந்தால் அது தனி. பயிர்க் காப்பீடு பயிருக்குத்தான், கூரைக்கு அல்ல.

இப்போது மொத்தத்தையும் கூட்டுவோம். தவணை 4.1, ஷீட் 0.8, கூலி 6, நாற்று 1.2, உரமும் மருந்தும் 3.5, இதர செலவு 1. ஆண்டுக்கு 16.6 லட்சம். இதில் விவசாயியின் சொந்த உழைப்புக்கும் நிலத்துக்கும் ஒரு பைசா இல்லை. மண்டியில் 10 சதவீத கமிஷனும், பெட்டி, வாடகைக்குக் கிலோவுக்கு 5 ரூபாயும் போகும். ஆலோசகரின் 60 ரூபாயை அப்படியே ஒப்புக்கொண்டால் கையில் நிற்பது 49. அவருடைய 40 டன்னையும் ஒப்புக்கொள்வோம்: 19.6 லட்சம். அவர் சொன்ன விளைச்சல், அவர் சொன்ன விலை, இரண்டையும் முழுசாக ஏற்றுக்கொண்ட பிறகும் மிச்சம் 16 லட்சம் இல்லை, 3 லட்சம். நான் பார்த்த நல்ல குடில்களில் தரமான விளைச்சல் சராசரியாக 30 டன்தான் நிற்கிறது. அதே 60 ரூபாய்க்கு அந்த 30 டன் தருவது 14.7 லட்சம். அதாவது ஆண்டுக்கு 1.9 லட்சம் நட்டம். வரவும் செலவும் சமமாகவே மண்டியில் ஆண்டு முழுக்கச் சராசரி 67 ரூபாய் கிடைக்க வேண்டும்.

இதற்கு அடுத்த வரியைத்தான் எந்தத் திட்ட அறிக்கையும் எழுதுவதில்லை. விலை 90 ரூபாய்க்குப் போன ஆண்டில் 30 டன்னுக்கு லாபம் 6.2 லட்சம். 30 ரூபாய்க்கு இறங்கிய ஆண்டில் நட்டம் 10 லட்சம். நல்ல ஆண்டு கொடுப்பதைவிடக் கெட்ட ஆண்டு பிடுங்கிக்கொள்வது அதிகம். திறந்தவெளியில் பச்சை மிளகாய் போட்டவனுக்கு விலை விழுந்தால் அந்தப் பருவத்துச் செலவு போகும், அவ்வளவுதான். அடுத்த பருவத்தில் கொத்தமல்லியோ முள்ளங்கியோ போட்டு எழுந்துவிடுவான். குடிலுக்குள் இருப்பவனுக்கு அந்த வழியும் இல்லை. 34 லட்சம் கூரையின் கீழே முள்ளங்கி போட்டுக் கடன் அடைக்க முடியாது. பயிரை மாற்ற முடியாது, கடையை மூடவும் முடியாது. விலை விழுந்த மாதத்திலும் தவணைத் தேதி வந்தே தீரும். குடிலின் பொருளாதாரத்தில் மற்ற எதையும்விட இதுதான் முக்கியம் என்பேன். கூரையின் கீழே போனதும் விவசாயியின் செலவில் பெரும்பகுதி முன்கூட்டியே இறுகிப்போகிறது. வரவு மட்டும் பழையபடியே மண்டிக்காரன் வாயில் தொங்குகிறது. விளைச்சல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூடுகிறது என்ற உற்சாகத்தில் இதைத்தான் ஆலோசகர் கோட்டைவிட்டுவிட்டார். அல்லது தெரிந்தே விட்டிருக்கிறார்.

கடன் ஏழாண்டில் முடிந்துவிடும், இரும்புச் சட்டம் பதினைந்து ஆண்டு நிற்கும், அப்போது லாபம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டம் நிற்கும், உள்ளே இருக்கும் மண் நிற்குமா என்பதுதான் பிரச்சினை.

முதல் ஆண்டு எல்லாக் குடிலும் அழகு. புது மண், புது ஷீட். செடி ஆள் உயரத்துக்கு ஏறும். படம் பிடிப்பதும், பத்திரிகைக்காரர்களை அழைப்பதும், மந்திரி வந்து காய் பறிப்பதும் அந்த ஆண்டில்தான். ஆலோசகரின் 40 டன்னும் அப்போது எடுத்த எண்ணாகத்தான் இருக்கும். மூன்றாவது, நான்காவது பயிரில் அதே பாத்தியில் மதியம் போய் நில்லுங்கள். காலையில் தண்ணீர் விட்டிருந்தும் ஓரத்துச் செடிகள் தலை தொங்கி நிற்கும். ஒன்றைப் பிடுங்கினால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, கடுகளவில் இருந்து கொண்டைக்கடலை அளவு வரை வீங்கியிருக்கும். வேர்முடிச்சு நூற்புழு. ஆண்டு முழுக்க ஒரே பயிர், ஓயாத ஈரம், நெல்லும் இல்லை, கேழ்வரகும் இல்லை, கோடை உழவும் இல்லை. அதற்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. வேப்பம்புண்ணாக்கு போடலாம், உயிர்ப் பூஞ்சாணம் விடலாம், மண்ணையே வாரிக் கொட்டிவிட்டுத் தென்னைநார்ப் பைக்கு மாறலாம். ஒவ்வொன்றும் பணம். திட்ட அறிக்கையில் அந்தப் பணத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பதையும் பார்க்கலாம். உப்பு. திறந்தவெளியில் மழை வந்து கழுவிக்கொண்டு போகும். மழையைத் தடுப்பதற்கென்றே கட்டிய கூரையின் கீழே அந்த வேலையை யார் செய்வார்கள்? கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கடின ஆழ்துளைக் கிணற்று நீரில் உரத்தையும் கரைத்து நாள் தவறாமல் சொட்டவிட்டால் உப்பு மேலே ஏறாமல் எங்கே போகும்?

மருந்தே அடிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். வலை கட்டியிருப்பதால் பூச்சி வராதாம். 40 மெஷ் வலை வெள்ளை ஈயை ஓரளவு தடுக்கும். இலைப்பேனுக்கு அது திறந்த வாசல். இலைப்பேனையும் தடுக்க இன்னும் நெருக்கமான வலை போட்டால் காற்றும் தடைபட்டு உள்ளே அடுப்பாகும். உள்ளே புகுந்த இலைப்பேனையும் சிலந்தியையும் கழுவிவிட மழை இல்லை, தின்ன இரைவிழுங்கிப் பூச்சிகளும் இல்லை. 2021-இல் ஆந்திர, தெலங்கானா மிளகாய்க் காடுகளைச் சூறையாடிய கருப்பு இலைப்பேனுக்குக் குடைமிளகாயும் சொந்தக்காரன்தான். குடிலுக்குள் மருந்துக் கைத்தெளிப்பான் வாரம் தவறாமல் ஓடுவதைப் பார்த்தவர் எவரும் ‘மருந்தில்லாக் காய்’ என்று எழுத மாட்டார்.

தண்ணீர் மிச்சம் என்ற வாதத்துக்கு இரண்டே வரி போதும். மிச்சம் செய்வது சொட்டுநீர்க் குழாய், கூரை அல்ல. அதே குழாயைச் சிறு, குறு விவசாயிக்கு அரசு 100 சதவீத மானியத்தில் திறந்தவெளிக்கே தருகிறது.

வெளிநாட்டு உதாரணங்களுக்கு வருவோம். நெதர்லாந்து, ஸ்பெயின், இஸ்ரேல் என்று மூன்று பெயரை அடுக்கி, அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது என்று கேட்கிறார் ஆலோசகர். அங்கே குடில் எதை விற்கிறது என்று அவர் ஒருமுறை பார்த்திருக்கலாம். அங்கே குடில் விற்பது குளிர்காலத்தை. ஸ்பெயினின் அல்மேரியாவில் முப்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் கூரை. ஜெர்மனியும் பிரிட்டனும் உறைந்து கிடக்கும் மாதங்களில் அங்கிருந்து லாரி லாரியாகத் தக்காளியும் குடைமிளகாயும் வடக்கே போகின்றன. பக்கத்தில் திறந்தவெளித் தக்காளி போட்டி போட வழியே இல்லாத மாதங்கள் அவை. அந்த அல்மேரியாவிலேயே ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலான குடில்கள் காலி. வெயில் தாங்காது. கூரையில் சுண்ணாம்பு அடித்தும், மண்ணை மூடி வெயிலில் வேகவிட்டும் அடுத்த பருவத்துக்காகக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு மாதம் வரும் அந்த வெயில் நம் சமவெளியில் எத்தனை மாதம் அடிக்கிறது?

அமெரிக்காவில் உயரக் கூண்டு மாதிரி ஒற்றை ஷீட் கூடாரங்களுக்கு 2010 வாக்கிலிருந்து வேளாண் துறை உதவித்தொகை தருகிறது. மின்சாரமோ சூடேற்றியோ இல்லாத எளிய அமைப்பு. ஊரில் எவன் வீட்டிலும் தக்காளி பழுக்காதபோது மூன்று, நான்கு வாரம் முந்திப் பழுக்கவைத்து, உழவர் சந்தையில் தாங்களே நின்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். லாபம் அந்த மூன்று, நான்கு வாரத்திலும், நடுவில் கமிஷன்காரன் இல்லாததிலும் இருக்கிறது. நெதர்லாந்தில் கண்ணாடி வீடு, இயற்கை எரிவாயு, குழாய் வழியே கரியமில வாயு எல்லாம் உண்டு. அந்தப் பொருளாதாரம் எரிவாயு விலையில் தொங்குகிறது. உக்ரைன் போருக்குப் பின் 2022-இல் எரிவாயு விலை ஏறியபோது அங்கேயே பலர் விளக்கை அணைத்துக் குடிலைக் காலியாக விட்டார்கள். இஸ்ரேலின் அரவாப் பாலைவனத்துக் குடைமிளகாய்க்காரர்கள் ஏற்றுமதியை நம்பியவர்கள். 2014 இறுதியில் ரஷ்ய ரூபிள் சரிந்தபோது அவர்கள் பட்ட அடி சின்னதல்ல. உலகத்திலேயே இந்தத் தொழில்நுட்பத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கே விலை விழுந்தால் கூரை காப்பாற்றவில்லை.

உள்நாட்டில் தெலங்கானாவைக் காட்டுகிறார். அங்கே கே. சந்திரசேகர ராவ் தம் எர்ரவல்லிப் பண்ணையில் குடைமிளகாய் போட்டு ஏக்கருக்குக் கோடி ரூபாய் எடுப்பதாகச் சொன்னது பெரிய செய்தியானது. அவர் முதலமைச்சரானபின் குடிலுக்கு 75 சதவீத மானியமும் வந்தது. அப்படியானால், முக்கால்வாசி மானியம் கொடுத்தும் தெலங்கானா விவசாயிகள் ஏன் கோடீசுவரர்களாகி ஊரெங்கும் குடிலாகக் கட்டித் தள்ளவில்லை என்பதை ஆலோசகர்தான் விளக்க வேண்டும். அரசியல் மேடையில் வந்த எண்ணைக் கொண்டு வேளாண் பொருளாதாரம் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

நம் மாநிலத்தில் குடில் விவசாயம் நடப்பது எங்கே? ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை. கடல்மட்டத்தில் இருந்து 900 மீட்டர் உயரம், மிதமான வெயில், பெங்களூர் 40 கிலோமீட்டர், ரோஜாக் குடில்களில் பழகிய வேலையாட்கள். தளியை வெள்ளைக்காரன் குட்டி இங்கிலாந்து என்று சும்மாவா சொன்னான்? இந்தச் சாதகங்கள் எல்லாம் இருக்கும் இடத்திலேயே கணக்கு மேலே போட்டதுபோல நூலிழையில் நிற்கிறது. இதே குடிலை விழுப்புரத்திலும் ராமநாதபுரத்திலும் கட்டச் சொல்கிறார் நம் ஆலோசகர். ஏப்ரலில் அங்கே குடிலுக்குள் 40 டிகிரியைத் தாண்டும். குடைமிளகாய்ப் பூ 32 டிகிரிக்கு மேலேயே உதிர ஆரம்பித்துவிடும். காத்தாடியும் ஈரப்பட்டையும் வைத்துக் குளிர்விக்கலாம்தான். சட்டச் செலவும் கூடும், கரண்ட் பில்லும் கூடும். அப்போது எந்த 60 ரூபாயை எதால் பெருக்குவது?

குடைமிளகாய் வேண்டாம், தக்காளி போடலாமே என்றும் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். ராயக்கோட்டைச் சந்தைக்கும் பாலக்கோட்டுக்கும் ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். திறந்தவெளியில் விளைந்த தக்காளி மலைமலையாக இறங்கும். பாலிஹவுஸ் தக்காளியைப் பக்கத்தில் இறக்கினால் அதற்கென்று தனி விலை யாரும் கொடுக்க மாட்டார்கள். 2021 நவம்பர் மழையில் சென்னையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது உண்மை. 2023 ஜூலையிலும் எகிறியது. அந்த இரண்டு மாத விலையை ஆண்டு முழுக்க நீட்டிப் பார்க்கும் கண்ணுக்கு எல்லாக் குடிலும் தங்கச் சுரங்கம்தான். இடையில் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கீழே இறங்கிச் சாலையோரம் கொட்டிய மாதங்களை எந்தக் கண்ணால் பார்ப்பது?

குடிலே கூடாது என்பதல்ல என் கட்சி. நிழல்வலைக்குடிலில் குழித்தட்டு நாற்று விடுகிறவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். இருபத்தைந்து, முப்பது நாளில் நாற்று கைமாறிவிடும், மண்ணே கிடையாது, தென்னைநார்க் கழிவில் விதை. நூற்புழு நுழைய இடமில்லை. வாங்குகிறவன் முன்பணம் கொடுத்துவிட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறான். ஒட்டன்சத்திரம் பக்கத்திலும் ஓசூர் பக்கத்திலும் அப்படிப் பிழைக்கிற பண்ணைகள் நிறைய. வடகிழக்குப் பருவமழைக்கு மட்டும் நாலு மூங்கிலும் ஒரு ஷீட்டுமாகப் போட்டு, கொத்தமல்லியையும் கீரையையும் காப்பாற்றி, நகரத்து அடுக்ககங்களுக்கு நேரடியாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள். போட்ட முதல் சிறியது. ஒரு பருவம் போனாலும் ஆள் போவதில்லை. ஆலோசகரின் கட்டுரையில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை. இவற்றுக்கு 34 லட்சம் ரூபாய் கொட்டேஷன் தேவைப்படாது என்பது காரணமாக இருக்குமோ என்று சந்தேகப்படுவது என் அற்ப புத்தி.

கடைசியாக, விவசாயி பயந்தாங்கொள்ளி என்ற வசை. மேலே நான் போட்ட கணக்கைப் பள்ளிக்கூடப் படிப்பே இல்லாத என் பக்கத்துத் தோட்டக்காரர் ஏஜென்ட் எதிரிலேயே வாய்க்கணக்காகப் போட்டார். “ஷீட்டு எத்தினி வருசம் வரும்? மூணாவது வருசம் வெலை இல்லாட்டி ஷீட்டை யாரு மாத்துவா?” என்று இரண்டே கேள்வி. ஏஜென்ட் வழவழப்புத் தாளை மடித்து வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதரைத்தான் பழமைவாதி என்கிறார் ஆலோசகர். கையில் இருக்கும் இரண்டு ஏக்கரை வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் முன் மூன்றாம் ஆண்டு விலையைப் பற்றிக் கேட்பது பயம் என்றால், அந்தப் பயம் இல்லாதவர்கள் யார் என்று பார்த்தால், குடிலைக் கட்டிக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான்.

ஆலோசகருக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, தாம் கட்டவைத்த குடில்களில் ஐந்தாம் ஆண்டைக் கடந்தவை எத்தனை, அவற்றின் மண்டிச் சீட்டு என்ன சொல்கிறது என்று இதே பத்திரிகையில் எழுதட்டும். முதலாண்டுப் படங்கள் வேண்டாம், சீட்டுகள் போதும். இரண்டு, அடுத்து அவர் பேச்சைக் கேட்டுக் கட்டுகிறவரிடம் ஆலோசனைக் கட்டணத்தை முன்கூட்டி வாங்காமல், நான்காம் ஆண்டு லாபத்தில் பத்தில் ஒரு பங்காக எடுத்துக்கொள்ளட்டும். 16 லட்சத்தில் பத்தில் ஒன்று 1.6 லட்சம், அவருடைய கணக்குப்படி நல்ல வரும்படிதான். பத்திரம் எழுத முத்திரைத்தாளுக்கு ஆகும் பணத்தை நானே தருகிறேன்.